இரு கண்களும் ஒரே நாளில்

மாணவ நண்பர்களே,

நம் உடலில் இரட்டையாக அமைந்த உறுப்புகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஒன்று நோயுற்றால் மற்றொன்று துணை நிற்கும். காது, சிறுநீரகம், நுரையீரல், கண் ஆகியவை யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆகவே, இரண்டில் ஒன்றைக் கத்திக்கு உட்படுத்தும்போது மற்றொன்றைக் காப்பாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை என்று எவரும் கூறுவர். கண்புரைக்கு அறுவை மருத்துவம் செய்வோர் நெடுங்காலமாக இந்நெறியையே கைக்கொண்டு வந்தனர். நம் நாட்டு மருத்துவருள் பெரும்பாலோர் இன்றும் இதனையே கைக்கொள்கின்றனர். முதலில் ஒரு கண். அது தேறிய பின்னர் மறு கண். ஆயினும், வேறு சில நாடுகளில் இரு கண்களுக்கும் ஒரே நாளில், ஒரே அமர்வில், அறுவை செய்யும் முறை பரவி வருகிறது. 2024-ஆம் ஆண்டில் என் கண்களுக்கும் அவ்வாறே செய்யப்பட்டது. அம்முறை எத்தகையது, அதனைச் சிலர் விரும்புவதும் சிலர் அஞ்சுவதும் எதனால், அவ்வச்சத்தை அறிவால் அளந்து பார்ப்பது எங்ஙனம் என்பவற்றை இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

"கண்புரை முதியோர் நோயாயிற்றே, அது எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் இல்லத்துப் பாட்டனாரும் பாட்டியாரும் மருத்துவமனைக்குச் செல்லும்போது உடன் செல்பவர் பெரும்பாலும் நீங்களே. மருத்துவர் கூறுவதைக் கேட்டு அவர்களுக்கு எடுத்துரைப்பவரும் நீங்களே. மேலும், நீங்கள் வகுப்பில் படிக்கும் நிகழ்தகவுக் கணக்கு ஒரு மனிதனின் வாழ்வில் எவ்வாறு பயன்படுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முதலில் கண்புரை என்பது யாது என்று காண்போம். கண்ணின் பாவைக்குப் பின்னால், ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் கனமும் 9 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள தெளிந்த வில்லை ஒன்று இருக்கிறது. ஒளியைக் குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்ணின் முன்புறத்துப் படலத்தைச் சார்ந்தது. எஞ்சிய பங்கு இவ்வில்லையைச் சார்ந்தது. இதில் குருதிக் குழாய்கள் இல்லை. இதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு புரதம். மற்றது பெரும்பாலும் நீர். அப்புரதங்கள் ஒழுங்காக நெருங்கி அமைந்திருப்பதனாலேயே வில்லை தெளிவாக இருக்கிறது. உடலின் ஏனைய பகுதிகளில் பழைய பொருள் கழிந்து புதிய பொருள் தோன்றுகிறது. வில்லையின் நடுப்பகுதியிலோ, நாம் பிறக்கும் முன்னரே உண்டான புரதங்கள் இறுதிவரை நின்று உழைக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை உருமாறி ஒன்றோடொன்று திரண்டு ஒளியைச் சிதறச் செய்கின்றன. சூடேறிய முட்டையின் வெண்கரு தெளிவிழந்து வெளுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்ற மாற்றம் பல்லாண்டுகளாக மெல்ல மெல்ல நிகழ்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதுமையோடு நீரிழிவு, புகைபிடித்தல், கதிரவனின் புற ஊதாக் கதிர்கள், சில மருந்துகளின் நெடுநாட் பயன்பாடு ஆகியவையும் இதனை விரைவுபடுத்தும்.

இரு கண்களும் ஒரே வயதின, ஒரே உடலின. ஆதலின், முதுமையால் வரும் புரை பெரும்பாலும் இரண்டிலும் தோன்றுகிறது. நம் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

புரையைக் கரைக்கும் மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அறுவை ஒன்றே வழி. பழங்காலத்தில் ஊசியால் வில்லையைத் தள்ளிக் கண்ணுக்குள்ளேயே கீழே வீழ்த்தினர். சுசுருதரின் நூலில் இத்தகைய முறை கூறப்பட்டுள்ளது. பிரெஞ்சு நாட்டு மருத்துவர் ழாக் தாவியேல் 1747-ஆம் ஆண்டில் கண்ணைக் கீறி வில்லையை வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கினார். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோசி மன்னர் கண் மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார்; அவர் காலத்துக் கண்நோயாளர் பற்றிய குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டுள்ளன. சென்னையில் 1819-ஆம் ஆண்டிலேயே கண்ணுக்கெனத் தனி மருத்துவமனை தோன்றியது. அது இன்றும் எழும்பூரில் அரசு மருத்துவமனையாக இயங்குகிறது.

வில்லையை எடுத்தபின் அதன் வேலையைச் செய்ய வேறொன்று வேண்டும். அதற்காகத் தடித்த மூக்குக் கண்ணாடி அணிந்தனர். ஊரார் அதனைச் சோடாப் புட்டிக் கண்ணாடி என்பர். அதன் வழியே பார்க்கும் பொருள்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். படி எங்கே முடிகிறது என்று அறியாமல் முதியோர் தடுமாறியதை என் இளமையில் கண்டிருக்கிறேன். இக்குறை தீர வழி கண்டவர் ஆங்கிலேய மருத்துவர் ஹரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் வானூர்தியின் மேல்மூடி உடைந்து, அதன் பிளாஸ்டிக் சிதறல்கள் சில விமானிகளின் கண்ணுள் பாய்ந்தன. அவை ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தும் கண் அவற்றை வெறுத்து ஒதுக்கவில்லை. இதனைக் கவனித்த ரிட்லி, அதே வகைப் பொருளால் வில்லை செய்து, 1949 நவம்பர் 29 அன்று இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதனை முதன்முதலாக ஒருவரின் கண்ணுள் பொருத்தினார். பிறகு 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் பயன்படுத்திய அதிர்வுக் கருவியைக் கண்டு, காதுக்குக் கேளாத ஒலியதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையை உருவாக்கினார். நம் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதன் சார்பில் 1992-இல் எழுந்த ஆரோலேப் தொழிற்கூடமும் செயற்கை வில்லையை எளியோருக்கும் எட்டும் விலையில் கிடைக்கச் செய்தன.

இன்று நடைபெறும் அறுவை, மரத்துப்போகும் சொட்டு மருந்தோடு தொடங்குகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள கீறல் ஒன்று போதும். வில்லையைச் சூழ்ந்துள்ள மெல்லிய பையின் முன்புறத்தில் வட்டமாக ஒரு திறப்புச் செய்கின்றனர். நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிரும் நுனியால் புரையை உடைத்து உறிஞ்சுகின்றனர். மடித்த செயற்கை வில்லையை அப்பைக்குள் செலுத்த, அது தானே விரிந்து அமர்கிறது. தையல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

இவ்வளவு எளிதாகிவிட்ட பின்னர், இரண்டு கண்களையும் ஒரே நாளில் செய்தால் என்ன என்ற கேள்வி எழுவது இயற்கை. எனக்கும் அது எழுந்தது. என் துணைவியார் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். அவருக்கு வேளைதோறும் மருந்து கொடுப்பவன் நான். மருந்து அட்டையில் உள்ள சிற்றெழுத்துகளைப் படிக்க இயலாமற்போனபோதுதான் மருத்துவமனைக்குச் செல்ல முடிவு செய்தேன். எங்களுக்குத் துணையாக இருக்க வெளியூரிலுள்ள எங்கள் மகளுக்குக் கிடைத்த விடுப்பு பத்து நாள். ஒரு கண்ணுக்குப் பின் சில வாரம் கழித்து மற்றொரு கண் என்றால், இரண்டாம் முறை எங்கள் இருவரையும் பார்த்துக்கொள்ள எவரும் இல்லை.

மற்றொரு காரணமும் இருந்தது. எனக்கு இரு கண்களிலும் தூரப்பார்வைக் குறை உண்டு; கூட்டல் 4 எண்ணுள்ள கண்ணாடி அணிந்திருந்தேன். ஒரு கண்ணில் புதிய வில்லை பொருத்தினால் அதற்குக் கண்ணாடி வேண்டாம். மற்றதற்கோ பழைய எண் அப்படியே நிற்கும். இரு கண்களுக்கும் இடையே 3 எண்ணுக்கு மேல் வேறுபாடு இருந்தால், அவை தரும் உருவங்கள் அளவில் ஒவ்வாமல், மூளை அவற்றை ஒன்றாக்க இயலாமல் திணறும். தலை சுற்றும், படியிறங்கும்போது கால் தவறும். இந்த இடைக்காலம் முதியோருக்கு ஓர் இடர்க்காலமே.

என்னைப் பரிசோதித்த மருத்துவர் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "ஐயா, உங்கள் கண்களுக்கு ஒரே நாளில் செய்யலாம். ஆனால், அதில் ஓர் அச்சமும் உண்டு, அதனைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு சொல்லுங்கள்" என்றார். இதனைக் கேள்வியுற்ற என் அண்ணார், "ஆழம் பார்க்க யாரேனும் இரண்டு காலையும் விடுவார்களா, தம்பி?" என்று கடிந்துகொண்டார். அவர் சொல் பொருளற்றதன்று. அறுவைக்குப் பின் கிருமி கண்ணுள் நுழைந்து சீழ் பிடித்தால் பார்வையே அழியக்கூடும். ஒரு கண்ணில் அது நேர்ந்தால் மற்றொரு கண் இருக்கிறது. இரண்டிலும் ஒருசேர நேர்ந்தால்?

மாணவர்களே, இங்கேதான் கணக்கு வருகிறது. நல்ல மருத்துவமனைகளில் இத்தகைய சீழ்நோய் ஆயிரம் அறுவைகளில் ஒன்றுக்கும் குறைவாகவே நேர்கிறது. கணக்கின் எளிமைக்காக ஆயிரத்தில் ஒன்று என்றே கொள்வோம். இரு கண்களிலும் அது நேர்வதற்கான வாய்ப்பு யாது? ஆயிரத்தில் ஒன்றை ஆயிரத்தில் ஒன்றால் பெருக்கினால் பத்து இலட்சத்தில் ஒன்று என்று நீங்கள் விடை கூறுவீர்கள். விடை சரியானதே, ஆனால், ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். இரண்டு நாணயங்களைத் தனித்தனியே சுண்டினால் பெருக்கல் விதி செல்லும். அவ்விரண்டையும் பசையால் ஒட்டிவிட்டுச் சுண்டினால் செல்லுமா? ஒன்று தலையாக விழுந்தால் மற்றதும் அவ்வாறே விழும். அதுபோல, ஒரே தட்டிலுள்ள கருவிகளால், ஒரே புட்டியிலுள்ள உப்பு நீரால் இரு கண்களையும் அறுவை செய்தால், அந்நீரில் கிருமி இருக்குமாயின் இரண்டு கண்களும் சேர்ந்தே கெடும். அப்போது வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று அன்று. ஆயிரத்தில் ஒன்றை நெருங்கிவிடும். என் அண்ணாரின் அச்சமும் மருத்துவரின் துணிவும் இந்த ஒரு நிபந்தனையையே பற்றி நிற்கின்றன.

எனவே, ஒரே நாளில் செய்வோர் அந்நிபந்தனையைக் காப்பதற்கென்றே விதிகள் வகுத்துள்ளனர். இரு கண்களுக்கும் அறுவை செய்யும் மருத்துவர்களின் பன்னாட்டுக் கழகம் 2009-இல் அவற்றைத் தொகுத்தது. முதற்கண்ணை முடித்தபின் மருத்துவரும் துணைவரும் கைகளைத் தூய்மை செய்து, அங்கியையும் கையுறையையும் மாற்ற வேண்டும். இரண்டாம் கண்ணுக்குரிய கருவிகள் வேறு தட்டில், வேறு முறை நீராவியில் கிருமி நீக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். கண்ணுள் செலுத்தும் நீர்மங்களும் மருந்துகளும் இயன்றவரை வேறு தயாரிப்பினவாகவோ வேறு தொகுதி எண் உடையனவாகவோ இருக்க வேண்டும். அறுவையின் முடிவில் கண்ணுள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்துவதும் வலியுறுத்தப்படுகிறது. ஐரோப்பாவில் ஏறத்தாழ 16,000 பேரிடம் நடத்தப்பெற்று 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று, இம்மருந்து சீழ்நோயை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்ததைக் காட்டியது. யாவற்றினும் முதன்மையான விதி ஒன்றுண்டு. முதற்கண்ணில் ஏதேனும் தடங்கல் நேர்ந்து, அது அங்கேயே சரிசெய்யப்படாவிடின், அன்று இரண்டாம் கண்ணைத் தொடலாகாது. சுருங்கக் கூறின், ஒரே மனிதரை இரண்டு வெவ்வேறு நோயாளராகவே நடத்த வேண்டும்.

மருத்துவமனையால் வரும் பொதுக்காரணங்களை இவ்விதிகள் விலக்குகின்றன. நோயாளியின் உடலால் வரும் பொதுக்காரணங்களை எவ்வாறு விலக்குவது? அதற்குத் தக்கவரைத் தேர்ந்தெடுப்பதே வழி. இமையில் அழற்சி உள்ளவர், விழித்திரை நீரிழிவால் பாதிக்கப்பட்டவர், கண்ணீர் அழுத்த நோய் உள்ளவர், மிகக் கடினமான புரை உள்ளவர், கண்ணின் நீளம் இயல்புக்கு மிகவும் மாறுபட்டவர் ஆகியோருக்கு ஒரே நாள் முறை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் நெடுநாளாக நீரிழிவால் துன்புறுபவர். "உமக்குச் செய்தது எனக்கும் ஆகட்டுமே" என்று அவரும் அதே மருத்துவரிடம் சென்றார். விழித்திரையில் வீக்கம் இருப்பதைக் கண்ட மருத்துவர் இணங்கவில்லை. அவருக்கு ஆறு வாரம் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகவே செய்தார். அவரும் நலமாகப் படிக்கிறார். ஒருவருக்கு ஏற்றது அனைவருக்கும் ஏற்றதன்று என்பதற்கு இதுவே சான்று.

அனுபவம் என்ன கூறுகிறது? நெதர்லாந்து நாட்டின் 10 மருத்துவமனைகளில் 865 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஒரே நாளிலும் மறு பிரிவினருக்கு நாள் இடைவிட்டும் அறுவை செய்து ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வெளிவந்தது. பார்வையின் பயனில் ஒரே நாள் முறை தாழ்ந்துவிடவில்லை, செலவு குறைந்தது, இரு பிரிவிலும் எவருக்கும் சீழ்நோய் உண்டாகவில்லை. ஆயினும், 865 பேரைக் கொண்ட ஆய்வு பல்லாயிரத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கைக் காட்டவல்லது அன்று. சிறிய வலையில் அரிய மீன் சிக்கவில்லை என்பதனால் அம்மீன் குளத்தில் இல்லை என்று கூறலாகாது. இரு கண்களிலும் சீழ் பிடித்த நிகழ்ச்சிகள் மிகச் சிலவே எனினும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றில், நான் மேலே கூறிய தனித்தனி விதிகள் மீறப்பட்டிருந்தன. இங்கிலாந்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி, இடர் குறைந்தவர்களுக்கும், முழு மயக்கம் தேவைப்படுபவர்களுக்கும் ஒரே நாள் முறையைக் கருதிப் பார்க்கலாம் என்ற அளவிலேயே நின்றது. அது கட்டளை அன்று, இசைவு மட்டுமே.

சீழ்நோய் ஒன்றே இம்முறையின் குறை என்று எண்ணவேண்டா. பொருத்தவேண்டிய வில்லையின் எண்ணைக் கண்ணின் நீளத்தையும் வளைவையும் அளந்து முன்னரே கணக்கிடுகின்றனர். அக்கணக்கு சிலருக்குச் சிறிது பிழைத்துவிடும். நாள் இடைவிட்டுச் செய்தால் முதற்கண்ணில் கண்ட பிழையை இரண்டாம் கண்ணில் திருத்திக்கொள்ளலாம். ஒரே நாளில் அவ்வாய்ப்பு இல்லை. ஆசிரியர் ஒருவர் முதல் விடைத்தாளைத் திருத்தித் தரும் முன்னரே இரண்டாம் தேர்வையும் எழுதிவிடுவது போன்றது இது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் இரு பத்தியாக எழுதினேன். ஒரு பக்கத்தில் மிக அரிதான, ஆனால் மிகப் பெரிய தீங்கு. மறு பக்கத்தில் சிறியதும் பெரியதுமாக, உறுதியாக வரும் இடர்கள்: வேறுபட்ட பார்வையோடு சில வாரம் தடுமாறுதல், துணையின்மை, மருந்தைத் தவறாகக் கொடுத்துவிடும் அபாயம். என் கண்களைப் பொறுத்த அச்சம் என்னளவில் நிற்கும். மருந்து மாறினால் வரும் கேடு என் துணைவியாரைச் சாரும். இந்த எண்ணமே என் தராசைச் சாய்த்தது. மருத்துவரிடம் சென்று, விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் முகம் சுளிக்காமல் விடையளித்தார். பிறகே இசைவுக் கடிதத்தில் கையொப்பமிட்டேன்.

அறுவை நாளன்று முதற்கண் முடிந்ததும், மேலே போர்த்திய துணி நீக்கப்பட்டது. அனைவரும் கையுறை கழற்றும் ஓசை கேட்டது. "ஐயா, முதற்கண் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதைத் தொடங்க இசைகிறீர்களா?" என்று மருத்துவர் மீண்டும் கேட்டார். அப்போது நான் மறுத்திருந்தாலும் அவர் மகிழ்வோடு ஏற்றிருப்பார் என்பது அவர் குரலில் தெரிந்தது. இசைந்தேன். முதல் இரண்டு நாள் இரு கண்களும் மங்கலாக இருந்தன. கைப்பற்றி நடத்த மகள் இன்றி இயன்றிராது. சொட்டு மருந்துப் புட்டிகளும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே தரப்பட்டன. அவற்றில் 'வ' என்றும் 'இ' என்றும் பெரிதாக எழுதி ஒட்டினாள். வலியோ, மிகுந்த சிவப்போ, பார்வைக் குறைவோ தோன்றினால் இரவு பகல் பாராமல் உடனே வரவேண்டும் என்று எச்சரித்திருந்தனர். அத்தகைய எதுவும் நேரவில்லை. ஒரு வாரத்தில், நெடுநாளாகத் தேநீர்க் கறை படிந்ததுபோல் தோன்றிய சுவர் உண்மையில் வெள்ளை என்பதைக் கண்டேன். என் இடக்கண்ணில் எண் சிறிது பிழைத்து அரை எண் நின்றுவிட்டது. நாள் இடைவிட்டுச் செய்திருந்தால் அது திருத்தப்பட்டிருக்கக்கூடும். நான் தேர்ந்த வழியின் விலை அது. படிக்கும்போது அணியும் கண்ணாடியில் அதனையும் சேர்த்துக்கொண்டேன். மகள் ஊர் திரும்பும் முன்னரே, மருந்து அட்டைகளை நானே படித்து வேளை தவறாமல் கொடுக்கத் தொடங்கினேன்.

மாணவர்களே, இம்முறையே சிறந்தது என்று உங்களிடம் பரிந்துரைக்க நான் வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் கண்புரைக்கு அறுவை செய்துகொள்ள நேரும்போது நீங்கள் மருத்துவரிடம் பணிவோடு சில கேள்விகள் கேளுங்கள். இவர் கண்களுக்கு ஒரே நாள் முறை தகுமா? தகும் எனில், இரு கண்களுக்கும் கருவியும் மருந்தும் தனித்தனியே பேணப்படுகின்றனவா? முதற்கண்ணில் தடங்கல் நேர்ந்தால் நிறுத்திவிடுவீர்களா? இவற்றிற்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் ஒவ்வொரு கண்ணாகச் செய்துகொள்வதே நன்று. காத்திருத்தலில் இழிவு ஏதும் இல்லை. விடை தெளிவாகக் கிடைத்த இடத்திலும், முடிவு செய்யும் உரிமை அப்பெரியவருடையதே. அவரது வாழ்க்கையில் எது பெரிய இடர், எது சிறிய இடர் என்பதை அவரே நன்கறிவார்.

வகுப்பறையில் பெருக்கல் விதியைப் படிக்கும்போது, "ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகள்" என்ற தொடரைப் பலர் கண்ணோட்டமாகக் கடந்து செல்வர். விதியின் உயிர் அத்தொடரில்தான் இருக்கிறது. ஆற்றின் மேல் இரண்டு பாலம் இருந்தும் இரண்டும் ஒரே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுமாயின், இரண்டு இருந்து என்ன பயன்? காப்பென்று நாம் நம்பும் இரண்டு பொருள்கள் உண்மையிலேயே தனித்தனியானவையா என்று எப்போதும் கேட்டுப் பழகுங்கள். அக்கேள்வி உங்கள் கண்களை மட்டுமன்றி, நீங்கள் பொறுப்பேற்கும் அனைத்தையும் காக்கும்.